ஜப்பான் குண்டும் ஐந்து வாக்குமூலமும்

பதிவு நீளம். காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டால் வகுப்பில் பாதியில் எழுந்து போனவர்கள் கணக்கில்தான் சேர்ப்பேன்.

ஜப்பானில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் போன மாதம் வாட்ஸ்அப்பில் எழுதினான். "சார், ரிட்டயர்டு ஆகி சும்மாதானே இருக்கீங்க, இங்கே பழைய துப்பறியும் சீரியல் ஒண்ணு இருக்கு, பாருங்க" என்று. ஃபுருஹாட்டா நின்சாபுரோ என்பது அதன் பெயர். அதில் வரும் துப்பறியும் அதிகாரியின் பெயரும் அதுவே. 1994-ல் ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கியது. மிடானி கோக்கி என்ற நாடக ஆசிரியர் எழுதியது. தமுரா மசகாசு என்பவர் கதாநாயகன், 2021-ல் காலமாகிவிட்டார்.

ஆங்கில எழுத்து ஓட, நாலு பாகம் பார்த்தேன். பிடித்துவிட்டது. கொலை செய்தது யார் என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே நமக்குக் காட்டிவிடுகிறார்கள். அவரை இந்தக் கறுப்பு உடைக்காரர் எப்படி மடக்கப்போகிறார் என்பதுதான் மீதிக் கதை. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் சுற்றிலும் விளக்கு அணைந்து, அவர் மட்டும் வெளிச்சத்தில் நின்று நம்மைப் பார்த்துப் பேசுகிறார்: எனக்குத் தெரிந்துவிட்டது, உங்களுக்கு? கிட்டத்தட்ட நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் வேலை. அமெரிக்காவின் கொலம்போ தொடரின் வழி இது என்பார்கள். இருக்கட்டும். துப்பாக்கி, துரத்தல், ரத்தம் எதுவும் இல்லாமல் பேச்சிலேயே ஒருவனைப் பிடிக்கும் கதைகளை விரும்புகிறவர்கள் தயங்காமல் பார்க்கலாம்.

அவனுக்குப் பதில் எழுதும்போது, "நீ எனக்கு ஒரு ஜப்பான் சரக்கு கொடுத்தாய், நான் உனக்கு ஜப்பான் சம்பந்தமுள்ள நம் ஊர்ச் சரக்கு ஒன்று தருகிறேன்" என்று 'அந்த நாள்' படத்தைச் சொன்னேன். "கறுப்பு வெள்ளையா சார்?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

'அந்த நாள்' 1954 ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வந்த ஏவி.எம். படம். இயக்கம் எஸ். பாலசந்தர். கே. பாலசந்தர் இல்லை, வீணை பாலசந்தர். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1927-ல் பிறந்தவர், 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்திலேயே குழந்தை நட்சத்திரம், பிறகு நடிகர், இயக்குநர், கடைசியில் உலகம் சுற்றிய வீணை வித்வான். இவ்வளவு சங்கீதம் தெரிந்தவர் எடுத்த இந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. நடனமும் இல்லை. நாற்பது, ஐம்பது பாட்டோடு படம் வந்த காலம் முடிந்து பதினைந்து வருடம்கூட ஆகவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது பாட்டில்லாமல் படம் என்றால் உப்பில்லாமல் கறி வைத்த மாதிரி.

கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னையில், ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்தில். இங்கே கொஞ்சம் வரலாற்றுப் பாடம் நடத்த அனுமதி வேண்டும். பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோன விஷயம் இது. நானே வகுப்பில் ஒரு வரியில்தான் முடித்திருக்கிறேன்.

1941 டிசம்பரில் ஜப்பான் ராணுவம் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு, 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு, 9-ல் திருகோணமலை. வங்கக் கடல் முழுக்க ஜப்பான் கப்பல்கள். அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆர்தர் ஹோப் கவர்னர். அவசியம் இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பெட்டி படுக்கையோடு ஜனங்கள் எழும்பூரில் ரயில் ஏறினார்கள். சிதம்பரத்தில் இறங்கி, புவனகிரி வழியாக மாட்டு வண்டியில் சேத்தியாத்தோப்புக்கு வந்து சேர்ந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே எட்டுப் பேர் நான்கு மாதம் தங்கினார்களாம். பட்டணத்துப் பிள்ளைகள் வெள்ளாற்று அணைக்கட்டில் மீன் துள்ளுவதைப் பார்க்க வெயிலில் போய் நின்றதைப் பெரியவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

பயந்தபடி ஏப்ரலில் குண்டு விழவில்லை. ஜனங்கள் மெல்லத் திரும்பிப் போனார்கள். ஒன்றரை வருடம் கழித்து, எல்லோரும் மறந்திருந்த நேரத்தில், 1943 அக்டோபர் 11-ல் ஒற்றை ஜப்பான் விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. சேதம் பெரிதில்லை. பயம்தான் பெரிது.

அந்த மாதத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அதே அக்டோபரில்தான் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை முடிந்தது. அந்தப் பாதைக்கு அடியில் செத்துக் கிடந்தவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். அதே அக்டோபர் 21-ல் சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசாங்கத்தை அறிவித்தார். அவர் படையில் சேர்ந்தவர்களிலும் அதே தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். ஆக, ஒரே மாதத்தில் ஜப்பான்காரன் நம்மேல் குண்டு போட்டவன், நம் ஆட்களை ரயில் பாதையில் சாகவிட்டவன், நம் விடுதலைக்குத் துணை நின்றவன் என்று மூன்று முகத்தோடு நிற்கிறான். எந்த முகத்தைப் பார்த்தார்கள் என்பது யார், எங்கே நின்றார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் படம் தொடங்குகிறது. ஒரு வீடு. துப்பாக்கிச் சத்தம். ராஜன் என்ற ரேடியோ இன்ஜினியர் சுடப்பட்டு விழுகிறான். ராஜன் யார் என்றால் சிவாஜி கணேசன். கதாநாயகன் திரையில் வந்தவுடனே செத்து விழுகிற தமிழ்ப் படத்தை அதற்கு முன்னால் யார் பார்த்தார்கள்? 'மனோகரா'வில் கர்ஜித்து ஊரையே கைதட்ட வைத்ததும் அதே 1954-தான்.

சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்து பேர். மனைவி உஷா, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்புள்ள அம்புஜம், பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை. சி.ஐ.டி. சிவானந்தம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் ஒரு கதை விரிகிறது, விரல் இன்னொருவர் பக்கம் நீள்கிறது. கேட்கும் நமக்கு, இவர்தான் கொன்றார் என்று நிச்சயமாகிவிடும். அடுத்தவர் வாயைத் திறந்ததும் அந்த நிச்சயம் போய்விடும். யார் என்று நான் சொல்லப்போவதில்லை. உஷாவாக வரும் பண்டரிபாயின் முகத்தை மட்டும் படம் முழுக்கக் கவனியுங்கள்.

பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவில் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' பார்த்தார். 1950-ல் வந்து, அடுத்த வருடம் வெனிஸ் விழாவில் பெரிய பரிசு வாங்கி, ஜப்பான் சினிமாவை உலகத்துக்குக் காட்டிய படம். அந்த முறை மனதில் தைத்து, அதுபோல ஒரு நாடகம் எழுதி அகில இந்திய வானொலிக்குக் கொடுத்தார், அவர்கள் ஏற்கவில்லை. பிறகு அதை மெய்யப்பச் செட்டியாரிடம் கொண்டுபோனார். செட்டியார் கணக்குப் பார்க்கிறவர் என்று பெயர் வாங்கியவர். அவர் பாட்டில்லாத படத்துக்குத் தலையாட்டினார் என்பதே ஆச்சரியம். முதலில் வேறு நடிகரை வைத்துச் சில நாள் எடுத்து, சரிவரவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு, சிவாஜியை வைத்து மறுபடி எடுத்தார்கள். கேமரா மாருதி ராவ். அந்த நிழல்களைப் பார்த்துவிட்டு, கறுப்பு வெள்ளையா என்று கேட்ட நம் பையன் எனக்கு மறுபடி எழுதட்டும்.

'ரஷோமோன்' காப்பி என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. ரஷோமோனில் காட்டில் நடந்த ஒரே சம்பவத்தைக் கொள்ளைக்காரன், அந்தப் பெண், செத்துப்போன கணவனின் ஆவி, மறைந்திருந்து பார்த்த விறகுவெட்டி என்று நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டாது. கடைசிவரை எது நிஜம் என்று தெரியாது. 'அந்த நாள்' அப்படி இல்லை. இதில் ஐந்து பேரும் ராஜனோடு தங்களுக்கு இருந்த வெவ்வேறு உறவைச் சொல்கிறார்கள். கடைசியில் உண்மை தெரிந்துவிடுகிறது. அமைப்பில் இது அதே 1950-ல் வந்த 'தி வுமன் இன் குவெஸ்டியன்' என்ற ஆங்கிலப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொல்கிறவர்கள் உண்டு. கொலையான ஒரு பெண்ணைப் பற்றி ஐந்து பேர் ஐந்து சித்திரம் தரும் கதை அது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் போர்க்காலச் சென்னையை உள்ளே கொண்டுவந்து, வீட்டுக் கொலையை நாட்டு விஷயமாக ஆக்கியது இவர்கள் மூளை.

அதில் பாதிப் பெருமை ஜாவர் சீதாராமனுக்குப் போக வேண்டும். திரைக்கதை வசனம் அவர், சி.ஐ.டி. சிவானந்தமாக நடித்ததும் அவரே. 'பட்டணத்தில் பூதம்' படத்தில் பூதமாக வந்து உங்களைச் சிரிக்க வைத்தாரே, அவர்தான். குமுதத்தில் 'உடல் பொருள் ஆனந்தி' எழுதியவரும் அவரே. சிவானந்தமாக அவர் குரலை உயர்த்துவதே இல்லை. கேள்வி கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளை விட்டுவிடுகிறார். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தமிழில் துப்பறியும் கதைக்கு அதற்கு முன்னாலேயே ஐம்பது வருட வண்டித்தடம் உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார், 'ராஜாம்பாள்' எழுதிய ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று பெரிய வரிசை. சென்னை காலியான அதே 1942-ல் தேவன் ஆனந்த விகடனில் 'துப்பறியும் சாம்பு'வைக் கொண்டுவந்தார். ஊரே நடுங்கிக்கொண்டிருக்கும்போது அசட்டு அதிர்ஷ்டத்தால் கேஸ் கண்டுபிடிக்கும் ஒரு குமாஸ்தாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பின்னால் தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தபோது உங்களில் சிலர் டிக்கெட் எடுக்காத குறையாகப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது.

'அந்த நாள்' வந்தபோது ஓடவில்லை. பாட்டில்லை என்றதும் கொட்டகையில் ஜனங்களுக்குக் கோபம். பத்திரிகைகள் பாராட்டின, மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, பிறகு மெல்லப் பெயர் வந்தது. பாலசந்தர் அதற்குப் பிறகும் விடவில்லை. பொம்மைக்குள் குண்டு வைத்து 1964-ல் 'பொம்மை', அகதா கிறிஸ்டியைத் தழுவி 1970-ல் 'நடு இரவில்'. இரண்டும் பார்க்கத் தகுந்தவை. 1951-லேயே 'கைதி' என்று ஒரு படம் எடுத்தார். 2019-ல் பாட்டே இல்லாமல் வந்து ஓடிய இன்னொரு 'கைதி'யை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இனி உறவுகளுக்கு.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது 1969 வாக்கில், கீற்றுக் கொட்டகையில், மணல் தரையில் உட்கார்ந்து. எனக்கு பதினாலு வயது. கூட வந்தது சின்ன ஆயா. நம் குடும்பத்தில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு சின்ன ஆயா யார் என்று தெரியும். என் தாத்தாவின் தம்பி மனைவி. சின்னத் தாத்தா 1937-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு போனார். பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் வேலை. வருடத்துக்கு இரண்டு கடிதம், கொஞ்சம் பணம். 1941 தீபாவளிக்கு வந்ததுதான் கடைசிக் கடிதம். யுத்தம் முடிந்து மற்ற ஊர்களுக்குக் கடிதமும் ஆளும் வந்தபோது அவரைப் பற்றி எதுவும் வரவில்லை.

என் தாத்தா, சயாம் ரயில் பாதையில் காலரா கண்டு செத்துப்போய்விட்டான் என்றார். 1946-ல் திரும்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், சிங்கப்பூரில் நேதாஜி படை உடுப்பில் அவரைக் கண்ணால் பார்த்தேன் என்றார். சின்ன ஆயாவின் அண்ணன், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை குட்டியோடு இருக்கிறான், வெட்கப்பட்டுக்கொண்டு எழுதவில்லை என்றார். என் அப்பா, நடுவில் ஒரு கடிதம் வந்தது, யாரோ மறைத்துவிட்டார்கள் என்று ஒரே ஒரு முறை சொன்னார், மறுபடி கேட்டபோது அப்படிச் சொல்லவே இல்லை என்றார். சின்ன ஆயாவிடம் கேட்டால், "அவருக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

படம் முடிந்து திரும்பும்போது நிலா வெளிச்சம். வீராணத்து மதகுப் பக்கம் தவளைச் சத்தம். ரொம்ப தூரம் பேசாமல் வந்தார். வீடு தெரிகிற இடத்தில், "அந்தப் போலீஸ்காரன் கெட்டிக்காரன்டா. அஞ்சு பேர் சொன்னதையும் உக்காந்து கேட்டான் பாரு" என்றார். எனக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டே இல்லாத படத்துக்குக் கூட்டிவந்தோமே என்று திட்டுவார் என எதிர்பார்த்திருந்தேன்.

பின்னால், நானும் வரலாறு படித்து வேலைக்கு வந்தபிறகு, அந்த ஐந்து வாக்குமூலத்தையும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும், இதைச் சொன்னவருக்கு என்ன லாபம் என்று எழுதினேன். சின்னத் தாத்தா இறந்துவிட்டார் என்றால், அவர் பாகத்து வீராணம் பாசன நஞ்சை ஒரு காணி யாருக்கு? என் தாத்தாவுக்கு. உயிரோடு இருக்கிறார் என்றால் அந்த நிலத்தின் விளைச்சலைக் கேட்கும் உரிமை யாருக்கு? சின்ன ஆயாவின் அண்ணனுக்கு, தங்கை சார்பில். என் தாத்தா பொய் சொன்னார் என்று நான் எழுதவில்லை. சயாம் பாதையில் செத்த ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பெயர்கூட இல்லை. அவர் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு காணி நெல்லில்தான் நான் சிதம்பரத்தில் படித்தேன். இதை நம் வீட்டுக் கல்யாணங்களில் யாரும் பேசுவதில்லை. எனக்கு எழுபதாகிவிட்டது, நான் பேசாவிட்டால் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை.

1972-ல் மத்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கும் குடும்பத்துக்கும் பென்ஷன் கொடுக்கத் தொடங்கியது. நேதாஜி படையினருக்கும் உண்டு. பக்கத்து ஊர்க்காரர் சாட்சி சொல்லத் தயார். விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். நல்ல கையெழுத்து என்று என்னிடம் கொடுத்தார்கள். விதவை என்று போட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டு, படித்துக் காட்டி, கைநாட்டுக்கு மை கொண்டுவந்தேன். சின்ன ஆயா விரலை நீட்டவில்லை. தாலியைப் புடவைக்குள் செருகிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து, அந்தத் தாலியோடுதான் போனார்.

அதனால் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். புவனகிரிப் பக்கத்து வீட்டிலோ, சென்னைக்குக் குடிபோன வீட்டிலோ, பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். மலாயா தபால்தலை ஒட்டிய உறை, மங்கிப்போன போட்டோ, மணியார்டர் துண்டு எது கிடைத்தாலும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மலேசியாவில் இருக்கும் மாணவர்கள் பேராக் பக்கம் போனால் எனக்குச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரைத் தனியாக அனுப்புகிறேன். அவர் அங்கே குடும்பத்தோடு இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் இப்போது என் வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். நிலம் பற்றிப் பேச வேண்டியவர்கள் போனில் பேசுங்கள், கமெண்டில் வேண்டாம்.

'அந்த நாள்' யூடியூபில் கிடைக்கிறது. இரவில், விளக்கை அணைத்துவிட்டு, செல்போனில் பார்க்காமல் டிவியில் போட்டுப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் மெதுவாகத் தோன்றும்; எழுந்து போய்விடாதீர்கள். பார்த்துவிட்டு, நான்காவது ஆள் சொல்லி முடித்தபோது நீங்கள் யாரைச் சந்தேகப்பட்டீர்கள் என்று மட்டும் கமெண்டில் எழுதுங்கள். கொலையாளியின் பெயரை யாராவது எழுதினால் அழித்துவிடுவேன்.